கணினிக் கூடமா, காவற் கூடமா?

கல்லூரியில் சேரும் மாணவனிடம் இன்று பல தாள்களோடு மற்றொரு தாளும் நீட்டப்படுகிறது. கல்லூரியின் கணினிகளையும் இணையத்தையும் எப்படிப் பயன்படுத்தலாம், எப்படிப் பயன்படுத்தலாகாது என்று அடுக்கிக் கூறும் விதித் தொகுப்பு அது. அதன் அடியில் கையொப்பத்துக்கு ஒரு கோடு. கையொப்பமிடாவிட்டால் கணக்கு இல்லை. கணக்கு இல்லாவிட்டால் மின்னூல் இல்லை, ஆய்வேடு இல்லை, ஆசிரியர் அனுப்பும் பாடக் குறிப்புகூட இல்லை! இதற்கு ‘உடன்பாடு’ என்று பெயர் சூட்டியிருக்கின்றனர். மறுக்கும் உரிமை இல்லாதவனிடம் பெறும் கையொப்பம் உடன்பாடாகுமா? அடமானச் சீட்டு அன்றோ அது!

“படிக்க வந்த பிள்ளைகளின் கணினி விதியில் அரசியல் என்ன இருக்கிறது?” என்று கேட்போர் உண்டு. இருக்கிறது. விதியை இயற்றுபவர் யார்? அது எவ்வளவு தெளிவானது? மீறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டவன் தன் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்க வழியுண்டா? இம்மூன்று கேள்விகளும் எழுகின்ற இடமெல்லாம் அரசியல் அரங்கமே. கோட்டையில் இயற்றினாலும், கல்லூரி முதல்வர் அறையில் இயற்றினாலும், பிறரைக் கட்டுப்படுத்தும் விதி விதிதான்.

விதியே வேண்டாம் என்பது நமது வாதமன்று. பிறர் கடவுச்சொல்லைத் திருடுவதும், நச்சுநிரலைப் பரப்புவதும், ஆயிரம் பேருக்கான இணைய வேகத்தை ஒருவனே விழுங்குவதும், உடன் பயிலும் பெண்ணை மின்னஞ்சலில் துன்புறுத்துவதும் தடுக்கப்பட வேண்டியவையே. பொதுக் கிணற்றில் நஞ்சு கலப்பவனுக்குச் சுதந்திரம் கேட்போர் நாமல்லர். இவற்றைத் தடுக்கும் விதி எதுவோ, அதை வரவேற்போரில் முதல்வராக நாம் நிற்போம்.

ஆனால், அத்தோடு நிற்கின்றனவா இந்த விதிகள்? ‘கல்விக்குத் தொடர்பற்ற பயன்பாடு’, ‘விரும்பத்தகாத செயல்’, ‘நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம்’ என்று சொற்கள் நீள்கின்றன. கல்விக்குத் தொடர்பற்றது எது? வரலாறு பயிலும் மாணவன் நாளேடு படிப்பது தொடர்பற்றதா? பொருளியல் மாணவி தொழிற்சங்கத்தின் அறிக்கையைத் தேடுவது தொடர்பற்றதா? சொல்லை மட்டும் பார்த்துப் பக்கத்தை அடைக்கும் வடிகட்டிகள், மார்பகப் புற்றுநோய் குறித்த மருத்துவச் செய்தியையும் ஆபாசம் என்று அடைத்ததுண்டு. இயந்திரத்துக்குப் பகுத்தறிவு இல்லை. அதை ஏவியவர்க்குமா இல்லாமற் போயிற்று?

தெளிவற்ற சொல் தற்செயலாக நேர்ந்த பிழை என்று எண்ணிவிட வேண்டா. அது ஒரு கருவி. எல்லோரும் ஏதோ ஒரு வகையில் மீறியே தீரவேண்டிய விதியை எழுதி வைத்துக்கொண்டால், எவனைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றுகிறதோ அவனை மட்டும் பிடிக்கலாம். திரைப்படம் பார்த்த நூறு பேர் தப்புவர். விடுதிக் கட்டண உயர்வை எதிர்த்து மின்னஞ்சல் அனுப்பிய ஒருவன் சிக்குவான். விதி ஒன்றே, விலங்கு மட்டும் வேண்டாதவன் கைக்கு!

இந்தத் தந்திரத்தின் தலையில் இந்திய உச்சநீதிமன்றமே ஒருமுறை ஓங்கிக் குட்டியிருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு, எரிச்சலூட்டும் செய்தி, தொல்லை தரும் செய்தி என்றெல்லாம் சொல்லி மக்களைச் சிறைக்கு அனுப்ப வழி வகுத்திருந்தது. எது எரிச்சல், எது தொல்லை என்பதற்கு வரையறை இல்லை என்று கண்ட நீதிமன்றம், 2015 மார்ச் 24ஆம் நாள் அப்பிரிவு முழுவதையும் செல்லாததாக்கியது. நாடாளுமன்றம் எழுதியே நிலைக்காத சொல்லை, ஒரு கல்லூரியின் அலுவலகம் எழுதி நிலைநாட்டப் பார்ப்பதா?

“கல்லூரி விதிதானே! மீறினால் சில நாள் இணையம் கிடைக்காது, அவ்வளவுதானே!” என்று அலட்சியம் காட்டுவோர், அமெரிக்காவில் நடந்ததை அறிதல் வேண்டும். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், விருந்தினரும் எளிதில் நுழையக்கூடிய திறந்த வலைப்பின்னலை நடத்திவந்தது. ஆரன் சுவார்ட்சு என்னும் இளைஞர் 2010 இறுதியில் அதன் வழியாக, ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்க் களஞ்சியத்திலிருந்து ஏறத்தாழ 48 லட்சம் கட்டுரைகளைத் தரவிறக்கினார். அளவு மீறியது அது, தடுத்தபின்னும் தொடர்ந்தார். அவர் செய்தது முழுதும் சரி என்று வாதாடவில்லை நாம். ஆனால் தண்டனை எதற்கு ஏற்றதாக வந்தது? கட்டுரைகளைத் திரும்பப் பெற்ற ஜேஸ்டோர், வழக்கில் தனக்கு நாட்டமில்லை என்று விலகிக்கொண்டது. அரசு வழக்கறிஞர்களோ விடவில்லை. 2011 சூலையில் 4 குற்றச்சாட்டுகள். 2012 செப்டம்பரில் அவை 13 ஆயின. 2013 சனவரி 11 அன்று, வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 26 வயதில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

அதன்பின், அந்தக் கழகமே அமைத்த ஆய்வுக் குழு ஓர் உண்மையை வெளியிட்டது. அவர் வலைப்பின்னலுக்குள் வந்தது அனுமதியோடா, அனுமதியின்றியா என்று கழகத்தை எவரும் கேட்கவில்லை. கழகமும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை! ஓர் இளைஞரின் எதிர்காலம் முழுவதும் தொங்கிய கேள்வி அது. விதியை எழுதியவர்கள் நடுநிலை என்று கூறி ஒதுங்கி நின்றனர். விதியின் பெயரால் வாளை வீசியவர்கள் வேறொருவர். தெளிவற்ற விதி எழுதுவோர் எவரும் இதை மறக்கலாகாது.

அமெரிக்க உச்சநீதிமன்றம் 2021 சூனில்தான், பார்க்க உரிமையுள்ள தகவலைத் தவறான நோக்கத்துக்குப் பயன்படுத்தியது மட்டுமே அந்நாட்டின் கணினிக் குற்றச் சட்டத்தின்படி ‘வரம்பு மீறிய நுழைவு’ ஆகாது என்று வரையறுத்தது. காலம் கடந்து வந்த தெளிவு!

நம் நாட்டின் நிலை என்ன? உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினியிலோ வலைப்பின்னலிலோ நுழைவதை நமது சட்டத்தின் 43ஆம் பிரிவு குறிப்பிடுகிறது. அதையே நேர்மையற்ற எண்ணத்தோடோ மோசடியாகவோ செய்தால், 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. கல்லூரியில் அந்த ‘அனுமதி’ எதுவரை என்பதைச் சொல்வது எது? மாணவன் படிக்காமலே கையொப்பமிட்ட அந்தத் தாள்தான்! அதில் ஒவ்வொரு சொல்லும் சிறைக் கதவின் சாவியாக மாறக்கூடியது.

கல்லூரியின் கம்பி முடியும் இடத்தில் இந்த ஆசை முடிவதுமில்லை. மாணவியின் சொந்தக் கைப்பேசிக்குள்ளும் அது புகுகிறது. கேரளத்தில், கோழிக்கோட்டை அடுத்த சேளன்னூரில் ஒரு கல்லூரியின் மாணவியர் விடுதி, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை கைப்பேசி கூடாது என்றது. பின்னர் 2019இல், படிக்கும் நேரமாகிய மாலை 6 முதல் இரவு 10 வரை கூடாது என்று மாற்றியது. ஏற்க மறுத்த ஒரு மாணவி விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அவர் அஞ்சி அடங்கவில்லை, உயர்நீதிமன்றத்தின் படியேறினார். 2019 செப்டம்பர் 19 அன்று நீதிபதி பி.வி. ஆஷா, இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்றும், அதைக் குலைக்கும் விதி நிற்காது என்றும் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் விடுதியில் சேர்க்க ஆணையிட்டார். ஒரு மாணவியின் துணிவு, ஒரு நாட்டின் மாணவர்க்கெல்லாம் அரணாயிற்று!

“பெற்றோர் நம்பி அனுப்பிய பிள்ளைகள், நாங்கள் காக்க வேண்டாமா?” என்பர் நிர்வாகத்தினர். காக்கட்டும்! ஆனால் 1989 முதல் 18 வயது நிறைந்தோர்க்கு இந்நாட்டில் வாக்குரிமை உண்டு. நாட்டை ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்றவளுக்கு, இரவு எட்டு மணிக்கு எந்தப் பக்கத்தைப் படிப்பது என்று தேர்ந்தெடுக்கத் தகுதி இல்லையா? காப்பது வேறு, கட்டிப்போடுவது வேறு. வேலி பயிருக்காகவே; வேலிக்காகப் பயிரன்று.

ஆகவே நாம் கேட்பவை பெரியவை அல்ல. விதி, மாணவர் படிக்கும் மொழியில், எது குற்றம் என்று ஐயமின்றிச் சொல்லட்டும். அதை வகுக்கும் குழுவில் மாணவர் பேராளர்கள் அமரட்டும். கண்காணிப்பு உண்டெனில், எதைப் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்பது முன்னரே அறிவிக்கப்படட்டும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்துக் கூறியது கல்லூரி மதிலுக்கு வெளியே மட்டும் பொருந்துவதன்று. தண்டிக்குமுன் விசாரணையும், தண்டித்தபின் மேல்முறையீடும் இருக்கட்டும். மாணவனுக்கு விதி உண்டெனில், அவனது கணக்கைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கும் விதி உண்டாகட்டும்.

இவற்றை ஏற்கும் கல்லூரிக்கு இழப்பு ஏதுமில்லை. ஏற்க மறுக்கும் கல்லூரி, தான் காக்க முனைவது கணினியை அன்று, தன் அதிகாரத்தையே என்று ஒப்புக்கொள்கிறது. அடுத்த முறை தாள் நீட்டப்படும்போது, மாணவத் தோழர்களே, கையொப்பமிடுமுன் படியுங்கள். படித்தபின் கேளுங்கள். கேள்வி கேட்கக் கற்றுத் தராத இடத்திற்குக் கல்லூரி என்ற பெயர் எதற்கு?