ஆஸ்கார் மேடையில் மைக் "கட்"! வாசலில் கிராபிக்ஸ் ஊழியர்கள் கோஷம்! புலியைச் செய்தவர்களுக்கு வேலை போனது ஏன்?

லாஸ் ஏஞ்செல்ஸ் நகரம். 2013-ம் ஆண்டு பிப்ரவரி 24-ந்தேதி, ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்கார் பரிசளிப்பு விழா.

சிவப்புக் கம்பளத்தில் நட்சத்திரங்கள் நடந்து கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, போலீஸ் தடுப்புக்கு அந்தப் பக்கம், நூற்றுக்கணக்கான வாலிபர்களும் பெண்களும் அட்டை பிடித்துக் கோஷம் போட்டுக் கொண்டிருந்தார்கள். ரசிகர் கூட்டம் அல்ல. சினிமாவுக்குக் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் செய்து கொடுக்கிற ஊழியர்கள்!

அன்று ராத்திரி கிராபிக்ஸுக்கான ஆஸ்கார் பரிசு "லைஃப் ஆஃப் பை" படத்துக்குப் போனது. நம் புதுச்சேரிப் பையன் ஒருவன், நடுக்கடலில், ஒரே படகில் புலியோடு மாட்டிக் கொள்கிற கதை. புதுச்சேரி வீதிகளிலேயே படம் பிடித்தார்கள். தாலாட்டுப் பாடியவர் பாம்பே ஜெயஸ்ரீ. ஆனால் கடல் நிஜக்கடல் இல்லை. தைவானில் கட்டிய தொட்டி. புலியும் பெரும்பாலான காட்சிகளில் நிஜப்புலி இல்லை. மயிர் மயிராகக் கம்ப்யூட்டரில் செய்த புலி.

அந்தப் புலியைச் செய்த கம்பெனியின் பெயர் "ரிதம் அண்ட் ஹ்யூஸ்". பரிசு கிடைப்பதற்குச் சில நாள் முன்புதான் அது மஞ்சள் கடுதாசி கொடுத்து விட்டது! 250-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று.

பரிசு வாங்க மேடை ஏறிய பில் வெஸ்டன்ஹோபர், நன்றி எல்லாம் சொல்லிவிட்டு, தன் கம்பெனி பணக் கஷ்டத்தில் இருப்பதைச் சொல்ல வாயெடுத்தார். நேரம் முடிந்தது என்று வாத்தியம் முழங்கியது. மைக் கட்! அன்று ஒலித்தது என்ன இசை தெரியுமா? சுறாமீன் வருகிற "ஜாஸ்" படத்து இசை.

படம் உலகம் முழுக்க வசூலித்தது சுமார் 60 கோடி டாலர். வசூல் இவ்வளவு, புலி செய்தவன் திவால். எப்படி?

தையல் கடைக் கணக்கு

நம்ம ஊர் தையல் கடைக்காரருக்கு இது சட்டென்று புரியும். தீபாவளிக்கு 100 சட்டைக்கு ஆர்டர். விலை முன்கூட்டியே பேசியாகி விட்டது. பாதி தைத்த பிறகு வாடிக்கையாளர் வருகிறார். "காலரை மாத்துங்க" என்கிறார். மாற்றினால், "பழையதே நல்லா இருந்துச்சு" என்கிறார். விலை மட்டும் ஏறாது. தீபாவளியும் தள்ளிப் போகாது. யார் தலையில் விடியும்? ராத்திரி கண் விழித்துக் காஜா எடுக்கிற பையன் தலையில்!

ஹாலிவுட் கிராபிக்ஸ் தொழிலும் இதேதான். ஐந்தாறு பெரிய பட நிறுவனங்கள்தான் வாடிக்கையாளர்கள். கிராபிக்ஸ் கம்பெனிகள் போட்டி போட்டு விலையைக் குறைத்து ஆர்டர் பிடிக்கின்றன. டைரக்டர் கடைசி நிமிஷம் வரை மாற்றம் கேட்பார். ரிலீஸ் தேதி அசையாது. போதாததற்கு கனடாவும் இங்கிலாந்தும் "எங்க ஊரில் வேலை செய்தால் செலவில் ஒரு பங்கை அரசாங்கமே திருப்பித் தரும்" என்று சலுகை கொடுத்தன. வேலை அங்கே ஓடியது. ஊழியர்களும் பெட்டி படுக்கையோடு பின்னால் ஓடினார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ரிதம் அண்ட் ஹ்யூஸ் கெட்ட கம்பெனி அல்ல. ஊழியர்களை நல்லபடி வைத்துக் கொள்வதில் அந்தத் தொழிலிலேயே பெயர் எடுத்தது. 1987-ல் ஆரம்பித்து, "பேப்" படத்துப் பன்றிக்குட்டிக்கே ஆஸ்கார் வாங்கியது. அதுவே விழுந்தது என்றால், கோளாறு ஒரு முதலாளியின் குணத்தில் இல்லை; விலை பேசுகிற முறையில் இருக்கிறது.

ஒரு செகண்டுக்கு 24 படம்

ஜூனியர் பையனின் வேலை என்ன? சினிமாவில் ஒரு செகண்டுக்கு 24 படங்கள். நடிகர் ஓடுகிறார், பின்னால் எரிமலை வெடிக்க வேண்டும். அப்படியானால் நடிகரின் உருவத்தை ஒவ்வொரு படத்திலும் விளிம்பு பிசகாமல் "வெட்டி" எடுக்க வேண்டும். முடி பறந்தால் அந்த முடியையும் பின்தொடர வேண்டும். 5 செகண்ட் காட்சிக்கு 120 தடவை. முடித்துக் கொடுத்தால், "நடிகர் நடையை மாத்திட்டாங்க, திரும்ப ஆரம்பிங்க" என்று வரும்.

ராத்திரி 2 மணிக்கு வீட்டுக்குப் போய் 10 மணிக்குத் திரும்ப வருகிறவன் எதிர்த்துப் பேச மாட்டானா? மாட்டான். படம் முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்தது. அடுத்த படத்துக்குக் கூப்பிட மாட்டார்களோ என்ற பயம். வாசலில் 100 பேர் காத்திருக்கிறார்கள். அதோடு, "கனவுத் தொழில்பா இது, பேரு திரையில வரும்ல" என்று ஒரு தாலாட்டு. பெயர் வருவது உண்மைதான். ஜனங்கள் எழுந்து வெளியே போன பிறகு வரும்.

ஹாலிவுட்டில் மேக்கப் போடுபவருக்குச் சங்கம் உண்டு. விளக்கு பிடிப்பவருக்கு உண்டு. துணி தைப்பவருக்கும் உண்டு. நம் கோடம்பாக்கத்திலும் அப்படியே. லைட்மேனுக்குக் கால்ஷீட் தாண்டினால் கேட்பதற்கு ஆள் இருக்கிறது. கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தவனுக்கு மட்டும் இல்லை. 2013 போராட்டம் பிசுபிசுத்ததற்கு அதுதான் காரணம். பேஸ்புக்கில் தங்கள் படத்தை எடுத்துவிட்டுப் பச்சைக் கட்டம் போட்டார்கள். சில வாரம் பரபரப்பு. பிறகு அவரவர் வேலை தேடிப் போனார்கள்.

டிஸ்னி வாசலில் கில்லட்டின்!

இத்தனைக்கும் இந்தத் தகராறு புதிது அல்ல. 1941-ம் ஆண்டு மே மாதக் கடைசி. மிக்கி மவுஸ் பிறந்த வால்ட் டிஸ்னி ஸ்டூடியோவிலேயே வேலைநிறுத்தம்!

கார்ட்டூன் படத்தில் பெரிய ஓவியர் கையைத் தூக்குகிற முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் வரைந்து போடுவார். நடுவில் உள்ள படங்களை எல்லாம் ஜூனியர்கள் வரைய வேண்டும். அதன் மேல் மை இழுத்து வர்ணம் தீட்டுவது பெண்கள். பெரிய ஓவியருக்கு வாரம் 200, 300 டாலர். மை இழுக்கிற பெண்ணுக்கு 12 முதல் 18 டாலர். 1937-ல் "ஸ்னோ ஒயிட்" வசூலைக் குவித்தது. ராத்திரி பகல் உழைத்தவர்கள் போனஸ் வரும் என்று காத்திருந்தார்கள். எதிர்பார்த்தபடி வரவில்லை.

அப்போது ஆர்ட் பாபிட் என்ற பெரிய ஓவியர் சின்னவர்கள் பக்கம் போய் நின்றார். அவருக்குச் சம்பளக் குறை எதுவும் கிடையாது. வேலையை விட்டு நீக்கினார்கள். உடனே நூற்றுக்கணக்கானோர் வெளியே வந்து விட்டார்கள். மற்ற ஸ்டூடியோக் கலைஞர்கள் ஒரு கில்லட்டின் தலைவெட்டும் எந்திரமே செய்து தூக்கிக் கொண்டு வந்து கலந்து கொண்டார்கள். ஓவியர்கள் போராடினால் அட்டையிலும் வேலைப்பாடு இருக்கும்! கோடைக்காலம் முழுக்க இழுத்தது. கடைசியில் அரசாங்கம் தலையிட்டது. சங்கத்தை டிஸ்னி ஏற்றுக் கொள்ள வேண்டியதாயிற்று.

கார்ட்டூன்காரர்களுக்கு 1941-ல் கிடைத்தது கிராபிக்ஸ்காரர்களுக்குக் கிடைக்க 2023 வரை ஆனது.

32-க்கு 0

அந்த ஆண்டு வந்த "ஸ்பைடர்-மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்-வெர்ஸ்" படத்தில் தினம் 11 மணி நேரம், வாரம் 7 நாளும் வேலை வாங்கினார்கள், தாங்க முடியாமல் சுமார் 100 பேர் ஓடி விட்டார்கள் என்று உள்ளே இருந்த நாலு பேர் பெயர் வெளியிடாமல் ஒரு பத்திரிகைக்குச் சொன்னார்கள். தயாரிப்புத் தரப்பு மறுத்தது. "படம் எடுக்கிறது என்றால் இப்படித்தான்" என்ற பாணியிலும் ஒரு பதில் வந்தது.

எழுத்தாளர்களும் நடிகர்களும் ஸ்டிரைக்கில் இருந்த நேரம் அது. ஆகஸ்ட் மாதம் மார்வெல் கம்பெனியின் சொந்த கிராபிக்ஸ் ஊழியர்கள் தொழிலாளர் வாரியத்தில் மனுப் போட்டார்கள். செப்டம்பரில் ஓட்டெடுப்பு. சங்கம் வேண்டும்: 32. வேண்டாம்: 0. அடுத்து டிஸ்னி கிராபிக்ஸ் ஊழியர்கள். 13-க்கு 0.

ஓட்டு எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் எதிராக ஒருத்தர் கூட இல்லை என்பதில்தான் சேதி இருக்கிறது. இவ்வளவு காலம் வாய் மூடி இருந்தவர்கள் ரகசிய ஓட்டில் என்ன நினைத்தார்கள் என்பது அதில் தெரிந்து விட்டது.

சிக்கலும் அதிலேயே இருக்கிறது. இந்த ஓட்டு பட நிறுவனத்தின் சொந்த ஊழியர்களுக்கு மட்டும். வெட்டி ஒட்டுகிற வேலையில் பெரும்பங்கு வெளிக் கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கிருந்து மும்பை, ஐதராபாத், பெங்களூர், சென்னை.

பெங்களூரில் கதவு சாத்தியது

அதே "லைஃப் ஆஃப் பை" படத்தில் புயலில் கப்பல் மூழ்கும் காட்சியைச் செய்தது எம்.பி.சி. என்ற கம்பெனி. அதன் தாய்க் கம்பெனி டெக்னிகலர் 2025 பிப்ரவரியில் படுத்து விட்டது. லண்டனில் ஆரம்பித்த இடி பெங்களூரில் விழுந்தது. ஆயிரக்கணக்கான இந்திய ஊழியர்களுக்கு அந்த மாதச் சம்பளத்துக்கே திண்டாட்டம். மாதத் தவணை கட்ட வேண்டும், வீட்டு வாடகை கொடுக்க வேண்டும், கையில் இருப்பதோ ஆஸ்கார் படத்தில் வேலை செய்த பெருமை. 12 வருஷம் முன்பு லாஸ் ஏஞ்செல்ஸ் தெருவில் நின்றவர்களின் அதே கதை, நம் பக்கத்து ஊரில்.

தமிழ்நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். ஓவர்டைம் சேர்த்தும் நாளைக்கு 10, வாரத்துக்கு 54-ஐத் தாண்டக் கூடாது. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம். துணிக்கடை சேல்ஸ்மேனுக்காக எழுதிய சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆபீசுகளுக்கும் உண்டு.

ஆனால் மேனேஜ்மெண்ட் பதவியில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது என்று 4-வது பிரிவு சொல்கிறது. சம்பளத்தை ஏற்றாமல் "லீட்", "சூப்பர்வைசர்" என்று பட்டம் மட்டும் கொடுத்து ராத்திரி உட்கார வைக்கிற ஆபீசுகளில் இந்தப் பிரிவு ரொம்பப் பிரியமான பிரிவாக இருக்கும். பட்டம் பேருக்கா, நிஜமா என்று தகராறு வந்தால் அதை முடிவு செய்ய வேண்டியவர் முதலாளி அல்ல. 51-வது பிரிவுப்படி லேபர் கமிஷனர். அவரிடம் கேள்வி போக வேண்டுமானால் யாராவது ஒருத்தர் மனு எழுதியாக வேண்டும்.