ஜெனரேட்டர் புகைக்கும் கணக்கு வேண்டும்

தூத்துக்குடி மாவட்டத்தின் விளாத்திகுளம் வட்டாரத்தில் வேலிமரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசிக் கரிமூட்டம் போடுகிறார்கள். மூட்டம் வேகும் நாட்களில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எந்தத் தெருவுக்கு இருமல் வரும் என்பது ஊருக்கே தெரியும். சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் எழுந்துள்ள தரவு மையங்களின் ஜெனரேட்டர் புகையைப் பற்றி அக்கம்பக்கத்தாருக்கு அந்த அளவுகூடத் தெரியாது.

தரவு மையத்தில் மின்சாரம் ஒரு நொடிகூட நிற்கக்கூடாது. மின்தடை வந்தால் சில நிமிடங்கள் பேட்டரி தாங்கும்; அதற்குள் டீசல் இன்ஜின்கள் ஓடத் தொடங்கிவிட வேண்டும். தரச்சான்று வழங்கும் அப்டைம் இன்ஸ்டிடியூட் 12 மணி நேரத்துக்கான எரிபொருளை வளாகத்திலேயே வைத்திருக்கச் சொல்கிறது. மின்தடையே இல்லாவிட்டாலும் சோதனைக்காக இன்ஜின்களை அவ்வப்போது ஓட்டியாக வேண்டும். குளிர்ந்து கிடந்த இன்ஜின் கிளம்பும்போதுதான் கரும்புகை அதிகம்; நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கும் கருவியும் சூடேறும்வரை வேலை செய்யாது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே உறுதிசெய்துவிட்டது.

சட்டம் என்ன செய்கிறது? 2023 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கடுமையான புகை வரம்பு 800 கிலோவாட் வரையிலான ஜெனரேட்டர்களுக்கு மட்டுமே. தரவு மையங்களில் வரிசைகட்டி நிற்பவை பெரும்பாலும் அதைவிடப் பெரியவை. அவற்றுக்கு 2002-இல் வகுத்த புகைபோக்கி விதிதான். ஜவுளிக்கடை ஜெனரேட்டருக்கு இருக்கும் கெடுபிடி ராட்சத இன்ஜினுக்கு இல்லை. இது அநியாயம்.

சுற்றுச்சூழல் அனுமதியிலும் தரவு மையம் வெறும் கட்டடமாகவே பார்க்கப்படுகிறது. கட்டுமானத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கிடையாது. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 2023-இல், மின்தட்டுப்பாட்டு நேரங்களில் தரவு மையங்கள் ஜெனரேட்டர்களைக் கூடுதலாக ஓட்டிக்கொள்ள அனுமதிக்கலாம் என்று சுற்றுச்சூழல் துறை யோசித்தது. மக்களிடம் கருத்துக் கேட்டது. எதிர்ப்பு வலுத்ததும் கைவிட்டது.

தூத்துக்குடிக்கும் இது தூரத்துச் செய்தி அல்ல; தரவு மையத்தை ஈர்க்கக்கூடிய வசதிகள் அங்கே உண்டு. அங்கிருந்து இலங்கைக்குக் கடலடிக் கேபிள் 2006-லேயே போய்விட்டது. துறைமுகமும் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. விளாத்திகுளம் பக்கம் பரந்த கரிசல் நிலமும் வெயிலும் காற்றும் இருக்கின்றன. தரவு மையம் வந்தால் வேலை வரும், வரட்டும். ஆனால் தேசிய தூய காற்றுத் திட்டம் 2019-இல் தொடங்கியபோதே, காற்றுத் தரத்தில் தேறாத நகரங்களின் பட்டியலில் இருந்த ஊர் தூத்துக்குடி.

ஆகவே, அடுத்த அனுமதிக்கு முன்பே தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வளாகத்தின் எல்லா இன்ஜின்களின் புகையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அவை ஓடிய மணி நேரத்தை மாதந்தோறும் வெளியிட வேண்டும். 800 கிலோவாட்டைத் தாண்டிய இன்ஜின்களையும் புதிய வரம்புக்குள் மத்திய அரசு கொண்டுவர வேண்டும்.