சரக்கு நம்முடையது, கல்லாப்பெட்டி யாருடையது?



எங்க ஊர் ஏழாயிரம்பண்ணை. தீப்பெட்டி ஆபீஸும் பயர் ஆபீஸும்தான் பிழைப்பு. எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். மருந்தில் கை வைக்காத ஒரு வேலை எங்க அம்மா மாதிரிப் பெண்களுக்குக் கிடைக்குமா என்பதே என் கேள்வி.

அமேசான் 2013-ல் இந்தியாவுக்கு வந்தது. அந்நிய முதலீட்டு விதிப்படி இங்கே அது பெரும்பாலும் மற்றவர் சரக்கை விற்றுத்தரும் சந்தைதான். கிடங்கு, பேக்கிங், டெலிவரி, பண வசூல் எல்லாம் அவர்களே பார்ப்பார்கள். கமிஷனும் செலவும் கழித்து மிச்சம் நம் பேங்க் கணக்குக்கு வரும்.

பட்டாசை இப்படி விற்க முடியாது. 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் அதன் ஆன்லைன் விற்பனையைத் தடை செய்தது. வெடிமருந்து கிடங்கில் குவிந்தால் என்ன ஆகும் என்று நமக்கா தெரியாது? ஆனால் சாத்தூர் சேவு, சிவகாசி டைரி, காலண்டர் இருக்கிறதே! 2023 அக்டோபர் 1 முதல், மாநிலத்துக்குள் மட்டும் இப்படி விற்கும் சிறு வியாபாரிக்கு ஜி.எஸ்.டி. பதிவுகூட கட்டாயமில்லை.

ஒன்றை மறக்கக் கூடாது. சரக்கு நம்முடையது, வாங்குகிறவர் அவர்களுடைய வாடிக்கையாளர். நாளைக்கு கமிஷனை ஏற்றினால் தனி ஆளாக என்ன கேட்க முடியும்? அரைக்கிலோ சேவுக்கு அனுப்பும் செலவே லாபத்தைத் தின்றுவிடலாம். ஆகவே பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒரே கடைப் பெயரில், கணக்குப் பார்த்து இறங்க வேண்டும். ஊர்க் கடைகளையும் விட்டுவிடக் கூடாது.

அந்தக் கணக்கை எழுத டிப்ளமோ படிக்கும் நாம் இல்லையா? சிந்திப்போம், செயல்படுவோம்!