பிள்ளையின் உரிமையும் ஊராரின் தாராளமும்

எம்மிடம் ஓத வரும் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் சில வாரங்களாகக் காலைப் பாடத்தில் தூங்கி விழுகிறான். காரணம் வினவினோம். "வாப்பா வந்துட்டாங்க ஹழ்ரத், ராத்திரி உம்மா அறை வாசல்லெ நான்தான் படுத்துக்கிறேன்" என்றான்.

குடித்துவிட்டு வந்து மனைவியையும் மகனையும் அடித்துத் துன்புறுத்தி, மூன்றாண்டுகளுக்கு முன் ஊரைவிட்டே போனவர் அத்தந்தை. இப்போது அவரை அழைத்து வந்தவர்கள் ஜமாஅத் பெரியவர்கள். 'இனிக் குடிக்கமாட்டேன்' என்று ஒரு சொல் வாங்கினர், துஆ ஓதினர், அவரை வீட்டினுள் விட்டுவிட்டுக் கலைந்தனர். எட்டாம் நாள் அச்சொல் போயிற்று. அடி விழுந்தது பிள்ளையின் முதுகில். அதே பெரியவர்கள் இன்று எம்மிடம் வந்து, "பையன் தகப்பனிடம் முகங்கொடுத்துப் பேசுவதில்லை, நீங்கள் புத்தி சொல்லவேண்டும்" என்கின்றனர். நாம் மறுத்தோம். மறுத்த காரணத்தைச் சமுதாயத்தின் முன் வைக்கிறோம்.

பெற்றோரை நோக்கிச் 'சீ' என்றும் சொல்லலாகாது எனும் இறைக்கட்டளையை (17:23) எமக்கு ஓதிக் காட்டுகின்றனர். அதில் எமக்கு இரண்டாம் கருத்தில்லை. அச்சிறுவனுக்கும் இல்லை. அந்த நிலையிலும் 'வந்துட்டாங்க' என்று மரியாதை குன்றாமல்தானே அவன் சொன்னான்? ஆனால், பெற்றோருக்கே பாதகமாயினும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்று பணிக்கும் வசனம் (4:135) இவர்கள் நாவில் ஏன் வருவதில்லை?

தௌபாவின் நிபந்தனைகளை இமாம் நவவீ (ரஹ்) தெளிவாக வகுத்துள்ளார்கள். பாவத்தை விட்டு விலகுதல், அதற்காக வருந்துதல், இனி அதன்பால் மீள்வதில்லை என உறுதி பூணுதல் ஆகிய மூன்றும் இறைவனுக்கும் அடியானுக்கும் இடையிலுள்ளவை. பிற மனிதருக்கு இழைத்த தீங்காயின் நான்காவதொன்றும் உண்டு: உரியவரின் உரிமையைத் தீர்த்தாகவேண்டும். இங்கே உரியவர் யார்? ஜமாஅத் தலைவரா? அடிபட்ட தாயும் பிள்ளையும் அல்லவா! அவ்விருவரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் அவர்களுடைய மன்னிப்பை வழங்க இவர்களுக்கு அதிகாரம் தந்தவர் யார்? தன் பொருளை ஈபவன் வள்ளல். பிறர் பொருளை எடுத்து ஈபவனுக்கு வேறு பெயர்.

"குடியும் ஒரு நோய்தானே, அவர் எங்கே போவார்?" என்பர். மெய்தான். நோயாளிக்கு உரிய இடம் மருத்துவமனை. அரசு மருத்துவமனைகளில் குடிநோய்க்குச் சிகிச்சை உண்டு. அழைத்து வந்த பெரியவர்களில் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் அவருக்கு இடந்தந்து சிகிச்சைக்கும் கூட்டிச் செல்லட்டும். அநியாயம் செய்பவனுக்கும் உதவுக, அவன் கையைப் பிடித்துத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. நம்மவரோ கையைப் பிடித்து வீட்டுக்குள் விட்டனர், தடுக்க மறந்தனர்.

கொடுமைக்கு ஆளான மனைவி மணமுறிவு கோர 1939ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம் இடமளிக்கிறது. அடிக்கும் கணவனை வீட்டைவிட்டு அகற்ற, 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. 1098 எனும் எண்ணில் பிள்ளைகள் தாமே உதவி கேட்கலாம். இவற்றை அத்தாய்க்கு எடுத்துரைத்தவர் எவருமில்லை. 'ஊர் மானம் போய்விடும்' என்று வாயடைத்தவரே பலர்.

சிறுவனுக்கு நாம் சொன்னது இதுவே: "வாப்பாவை ஏசாதே, அவருக்காக துஆச் செய். கை ஓங்கினால் உம்மாவை அழைத்துக்கொண்டு எந்நேரமும் எம் வீட்டுக் கதவைத் தட்டு. மன்னிப்பு உன்னுடையது, அதை எப்போது தருவதென்பதும் உன்னுடையதே."

ஜமாஅத்தாருக்கு நாம் சொல்வதும் ஒன்றுண்டு. உம்மாவின் வாசலில் இரவெல்லாம் காவல் கிடப்பது பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கடமையன்று. அது ஊரின் கடமை. நீங்கள் விழித்திருங்கள், அவன் உறங்கட்டும்.