ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

எடையைக் குறைத்தே தீருவது என்று கிளம்பியவர்களைப் புனேயில் வாரத்தின் ஆறு நாட்கள் விடியற்காலையில் பார்க்கலாம். வேதாள் குன்றின் மண்பாதைகளிலும் பர்வதி மலைக் கோயிலின் 103 படிகளிலும் வியர்க்க விறுவிறுக்க ஏறி இறங்குகிறார்கள். ஏழாவது நாள் ஓய்வு. உடற்பயிற்சிக்கு இடையே ஓய்வு வேண்டும் என்பதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. சிக்கல் சாப்பாட்டில்தான். உடம்பு உழைக்காத நாளில் எவ்வளவு சாப்பிடுவது?

இதில் இரண்டு கட்சிகள் உண்டு. உழைக்காத நாளில் உணவு எதற்கு என்று மதியச் சாப்பாட்டையே ரத்து செய்பவர்கள் ஒரு கட்சி. ஆறு நாள் தவத்துக்கு ஏழாம் நாள் வரம் என்று காலையில் மிசல் பாவ், மதியம் பூரி ஸ்ரீகண்ட், மாலையில் பாகர்வடி என்று இறங்குபவர்கள் மற்றொரு கட்சி. இரண்டு தரப்பும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றன. உடற்பயிற்சியில் செலவாகும் கலோரியை இருவருமே அளவுக்கு மீறி மதிப்பிடுகிறார்கள்.

65 கிலோ எடையுள்ள, உட்கார்ந்து வேலை பார்க்கும் ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,110 கலோரி தேவை என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ல் வகுத்த கணக்கு. இதில் பெரும்பகுதி, அதாவது மூன்றில் இரண்டு பங்கு போல, இதயம் துடிக்கவும் மூளை இயங்கவும் உடல் சூடு குறையாமல் இருக்கவும் செலவாகிறது. ஓய்வு நாளிலும் இந்தச் செலவுக்கு விடுமுறை கிடையாது. இதே ஆசாமி ஒரு மணி நேரம் சுறுசுறுப்பாக நடந்தால் செலவாவது சுமார் 225 கலோரி. நடக்காமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலே 65 கலோரி போயிருக்கும். அதைக் கழித்தால், நடைக்கென்று தனியாகச் செலவானது 160 கலோரி மட்டுமே. சிறிய சப்பாத்தி இரண்டு சாப்பிட்டால் வருவது இதுதான்.

ஆக, நடக்கும் நாளுக்கும் நடக்காத நாளுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு சப்பாத்தி. இதற்காக ஒருவேளைச் சாப்பாட்டையே விடுவது அதிகப்படி. இதை மறந்து விருந்தில் உட்காருவதும் ஆபத்து.

விருந்துக் கணக்கையும் பார்த்துவிடலாம். தினமும் தேவையைவிட 400 கலோரி குறைவாகச் சாப்பிடுபவருக்கு ஆறு நாளில் 2,400 கலோரி மிச்சம். ஞாயிற்றுக்கிழமை தேவைக்கு மேல் 1,200 கலோரி உள்ளே போனால் அந்த மிச்சத்தில் பாதி காலி. ஒரு கிலோ கொழுப்பு என்பது ஏறத்தாழ 7,700 கலோரி. ஏழு நாளும் ஒழுங்காக இருந்தால் வாரத்துக்கு 360 கிராம் கொழுப்பு குறைய வேண்டியவருக்கு 150 கிராம்தான் குறையும். 1,200 கலோரி சேர்வதும் கடினமல்ல. ஒரு மேஜைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கிறது. பொரித்த பண்டத்தில் எத்தனை கரண்டி எண்ணெய் ஏறியிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிவதில்லை.

மராத்தியர்கள் இதை எப்போதோ கண்டுகொண்டு, ஏகாதசி வந்தால் இரட்டைச் சாப்பாடு என்று பழமொழியே வைத்திருக்கிறார்கள். விரத நாளில் அரிசி, கோதுமைக்குத் தடை. ஜவ்வரிசிக் கிச்சடிக்குத் தடையில்லை. சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து தயாராகும் ஜவ்வரிசிக்கு மகாராஷ்டிரத்தின் விரத நாட்கள் பெரிய சந்தை. நூறு கிராம் ஜவ்வரிசியில் 350 கலோரி இருக்கிறது. புரதம் ஒரு கிராம்கூட இல்லை. கிச்சடியில் சேரும் வேர்க்கடலை புரதம் தருகிறது என்றாலும் கூடவே எண்ணெயையும் கொண்டுவருகிறது. ஓய்வு நாளில் 'லேசாக' கிச்சடி சாப்பிட்டதாகச் சொல்பவர் உண்மையில் மாவுச்சத்தையும் கொழுப்பையும்தான் சாப்பிட்டிருக்கிறார்.

பட்டினிக் கட்சிக்கு வேறு எச்சரிக்கை தேவை. அது புனேயிலிருந்தே வந்தது. இந்நகரின் கே.ஈ.எம். மருத்துவமனையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சியாளர் டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் பிரிட்டிஷ் மருத்துவர் ஜான் யட்கினும் 2004ல் 'லான்செட்' மருத்துவ இதழில் தங்களையே உதாரணமாக வைத்து ஒரு சிறு குறிப்பு வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. அளவு இருவருக்கும் 22.3. ஆனால் யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். எடை மெஷினும் உயரம் அளக்கும் டேப்பும் இருவரையும் ஒன்றுதான் என்றன. உள்ளே தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பது வேறு கதை.

இந்தக் கதை பிறப்பிலேயே தொடங்குகிறது. புனேக்கு அருகிலுள்ள கிராமங்களில் 1993ல் யாக்னிக் குழு தொடங்கிய ஆய்வில், குழந்தைகளின் சராசரி பிறப்பு எடை 2.7 கிலோ. இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் அது 3.5 கிலோ. ஆனால் புனே குழந்தைகளிடம் குறைந்திருந்தது பெரும்பாலும் தசையும் உறுப்புகளின் எடையும்தான். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. தோற்றத்தில் ஒல்லி, உள்ளே கொழுப்பு என்ற இந்த உடல்வாகு, இந்தியர்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் வருவதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

ஏற்கனவே தசை குறைவாக உள்ள உடம்பு எடை குறைக்கும்போது தசையையும் சேர்த்து இழக்கக் கூடாது. சாப்பாட்டை மட்டும் வெட்டி எடை குறைப்பவர்கள் இழப்பதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பு அல்ல, தசை முதலியவை என்பது பொதுவான மதிப்பீடு. இதைத் தடுக்கும் வழிகள் இரண்டு: தசைக்கு வேலை தரும் பயிற்சி, போதிய புரதம். எடை தூக்குவது போன்ற பயிற்சிக்குப் பிறகு தசையைச் செப்பனிடும் வேலை ஒரு நாளோ அதற்கு மேலுமோ நடக்கிறது. சனிக்கிழமை செய்த பயிற்சியின் பலன் ஞாயிற்றுக்கிழமை சேர்கிறது. கொத்தனார் வேலை செய்யும் நாளில் செங்கல் லாரியைத் திருப்பி அனுப்புவதற்குச் சமம், ஓய்வு நாள் பட்டினி.

எனவே ஓய்வு நாளில் புரதத்தில் கை வைக்கக் கூடாது. ஆரோக்கியமான ஒருவருக்கு கிலோவுக்கு 0.83 கிராம் என்பது 2020ன் இந்திய அளவு. 65 கிலோ ஆளுக்கு 54 கிராம். எடை குறைக்கும் காலத்தில் கிலோவுக்கு 1.2 கிராம் வரை பரிந்துரைப்பது வழக்கம். நூறு கிராம் பருப்பு அல்லது பயறில் சுமார் 22 கிராம் புரதம் உண்டு. அரை லிட்டர் பாலிலோ தயிரிலோ சுமார் 16 கிராம், ஒரு முட்டையில் 6 கிராம். குறைக்க வேண்டுமானால் மதியம் ஒரு சப்பாத்தி, இரவு ஒரு சப்பாத்தி குறைக்கலாம். அல்லது சோற்றில் அதே அளவு. வாரம் முழுவதும் ஒரே அளவாகச் சாப்பிடத் திட்டமிட்டிருப்பவர்கள் அதுவும் செய்யத் தேவையில்லை.

மிசலையும் ஒதுக்க வேண்டியதில்லை. அதன் அடிப்படை முளைகட்டிய நரிப்பயறுதான். மேலே கொட்டும் மிக்சரும், மிதக்கும் எண்ணெயும், தொட்டுக்கொள்ளும் பாவ் ரொட்டிகளும்தான் கணக்கை ஏற்றுகின்றன. பயறு இன்னொரு கரண்டி, மிக்சர் ஒரு பிடி, பாவ் ஒன்று என்று முடித்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமையும் இருக்கும், கணக்கும் நிற்கும். சென்னை வீட்டு ஞாயிறு பிரியாணிக்கும் இதே சூத்திரம்தான்: கறித்துண்டைக் குறைக்காமல் சோற்றைக் குறைப்பது.

திங்கட்கிழமை காலை எடை மெஷினில் ஏறுவதைத் தவிர்ப்பது நல்லது. உடம்பு சேமிக்கும் ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேருகிறது. உப்பும் தன் பங்குக்குத் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. ஒரே இரவில் ஏறிய ஒரு கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். அதைக் கொழுப்பு என்று பயந்து திங்களன்று பட்டினி, புதனன்று அகோரப் பசி என்று போகிறவர்கள் ஏராளம். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் எடை பார்த்தால் போதும்.

சிலர் மட்டும் தாங்களாகவே எதையும் மாற்றக் கூடாது. இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தும் மாத்திரையோ எடுப்பவர்களுக்கு உணவைக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கலாம். சிறுநீரக நோயாளிகள் புரதத்தைக் கூட்டும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மற்றவர்களுக்கு விஷயம் எளிது. ஓய்வு கால்களுக்குத்தான். வயிற்றுக்கு அது தண்டனையும் அல்ல, திருவிழாவும் அல்ல.