"மெயில் போட்டாச்சே சேர்!"

கொஞ்சம் நீளமான பதிவு. அலுவலகங்களில் வேலை செய்யும் செட்டிகுளத்துப் பிள்ளைகளும் சக ஆசிரியர்களும் பொறுமையாக வாசியுங்கள். கோபம் வந்தால் வரட்டும்.

போன நோன்பு விடுமுறையில் நடந்தது இது. ரமழானில் முஸ்லிம் பாடசாலைகள் பூட்டியிருக்கும் என்பது இந்த நாட்டில் யாருக்கும் புதிதல்ல. அப்படியிருக்க, ஒரு வியாழன் பின்னேரம் ஓர் அலுவலகத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு மின்னஞ்சல் வந்திருக்கிறது. பொருள் என்ற இடம் காலி. உள்ளே ஒரு சொல் இல்லை. "ஸ்கேன் 0047" என்று ஓர் இணைப்பு மட்டும். திறந்தால் சிங்களத்தில் ஒரு கடிதம், அதுவும் தலைகீழாக. மூக்குக்கண்ணாடி தேவைப்படும் மாணவர்களின் பெயர்ப் பட்டியலை மறுநாள் நண்பகல் 12 மணிக்கு முன் அனுப்பட்டாம். வெள்ளிக்கிழமை நண்பகல்! ஜும்ஆவுக்குப் போகும் நேரம்.

நாங்கள் அதைக் கண்டது ஒன்பது நாள் கழித்து. கோல் எடுத்துக் கேட்டோம். "மெயில் போட்டாச்சே சேர்" என்றார்கள். பட்டியல் மேலே போய்விட்டதாம். எங்கள் பதினொரு பிள்ளைகளின் பெயர் அதில் இல்லை. அதில் ஒரு மகள் இன்றைக்கும் முன் வாங்கிலிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் கரும்பலகையைப் பார்க்கிறாள்.

எங்களிலும் பிழை இருக்கிறது, மறைக்கவில்லை. பாடசாலை மின்னஞ்சலின் கடவுச்சொல் ஒரேயொருவரின் போனில் கிடந்தது. அவர் விடுமுறைக்கு ஊருக்குப் போய்விட்டார். இப்போது மூன்று பேரிடம் இருக்கிறது.

ஆனால் "போட்டாச்சு" என்ற அந்தச் சொல்லோடுதான் எங்களுக்குச் சண்டை. போட்டால் வேலை முடிந்ததா? மற்றவர் கையில் கிடைத்து, விளங்கி, செய்யக்கூடிய அவகாசமும் இருந்தால்தானே அது கடிதம்? மின்னஞ்சல் ஒழுங்கு பற்றி எத்தனையோ செயலமர்வுகளில் இருந்திருக்கிறோம். "கனம் ஐயா" எப்படி எழுதுவது, "தாழ்மையுடன்" எங்கே போடுவது, இதுதான் பாடம். எல்லா மரியாதையும் கீழேயிருந்து மேலே போவதற்கே. மேலேயிருந்து கீழே வருவதற்கு ஒரு பொருள் வரி கூடக் கிடையாது.

பழைய கடிதத்தை நினைத்துப் பாருங்கள். எனது இல., உமது இல., பொருள், ஊடாக, பிரதி. சிற்றூழியர் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். இன்றைக்கு மின்னஞ்சலில் "சிசி" என்று போடுகிறோமே, அது தட்டச்சில் காபன் தாள் வைத்து எடுத்த பிரதிதான். அந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு ஒழுங்கை வீசிவிட்டோம். அதன் விளைவு, ஒருவருக்கு எழுத வேண்டியதை எல்லோருக்கும் அனுப்புகிறோம். ஓர் ஆசிரியையின் மருத்துவ விடுமுறை விபரத்தை ஒருமுறை எத்தனையோ பாடசாலைகள் வாசித்தன. அதற்குக் கீழே "நோட்டட் சேர்", "நோட்டட் சேர்" என்று வரிசையாகப் பதில்கள் வேறு.

மொழிக்கு வருவோம். 1987இல் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆம் திருத்தம் வடக்கு கிழக்கின் நிருவாக மொழி தமிழ் என்று வைத்தது. மொழிபெயர்க்க ஆளில்லை என்பார்கள். முழுக் கடிதமும் வேண்டாம். என்ன வேண்டும், எப்போது வேண்டும், யாரிடம் கேட்பது என்று தமிழில் மூன்று வரி போதும். அந்த மூன்று வரிக்கும் ஆளில்லையா?

இரவு பத்தரை மணி வட்ஸ்அப்பையும் சொல்லாமல் விட முடியாது. "காலை 8 மணிக்கு முன் அவசரம்." ரீலோட் எங்கள் காசு, சிக்னலுக்கு முற்றத்தில் நிற்பதும் நாங்கள். பிரான்சில் 2017இலிருந்தும் அவுஸ்திரேலியாவில் 2024இலிருந்தும் வேலை நேரம் முடிந்த பின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது. அவ்வளவுக்கு நாங்கள் போகவில்லை. பத்தரைக்கும் அனுப்புங்கள், ஆனால் தவணையை மறுநாள் காலைக்கு வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய நோய் பதில் போடாமை. ஸலாத்துக்குப் பதில் சொல்வது கடமை என்று மத்ரஸாவில் படித்தவர்கள் நாங்கள். கடிதத்துக்கு மட்டும் ஏன் மௌனம்? "கிடைத்தது, செவ்வாய்க்கு முன் பார்க்கிறோம்" என்று எழுத ஒரு நிமிடம் போகுமா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், கோரிக்கை கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கொடுக்க வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஒரு தகவல் கேட்டால் இவ்வளவு. பிள்ளைகளின் கண்ணாடிக்கு ஒரு வரி கிடையாது.

பதில் இருந்தால் அதுவே பாதுகாப்பும். 2023இல் அரசாங்க மேகக்கணினி மீது இணையத் தாக்குதல் நடந்து, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் அழிந்தது நினைவிருக்கும். சுமார் 5,000 முகவரிகள். அப்படிப்பட்ட நாளில், மூலக் கடிதத்தோடு சேர்த்துப் போட்ட பதில் ஒன்று மற்றவரின் பெட்டியில் கிடந்தால் அதுதான் மிச்சம்.

எங்கள் வீட்டையும் கூட்ட வேண்டும். பெற்றோருக்கு நாங்கள் அனுப்புவதும் பல நேரம் இதே இலட்சணம்தான். "நாளை கூட்டம், கட்டாயம்." எத்தனை மணிக்கு, எதற்கு என்று இருக்காது. வயலுக்குப் போகும் உம்மா எப்படி வருவார்? இனி நேரமும் காரணமும் இல்லாத செய்தி எங்கள் வகுப்புகளிலிருந்து வராது. வந்தால் கீழே கொமென்டில் திட்டுங்கள்.

இதை வாசிக்கும் அலுவலக நண்பர்களே, லைக் போட வேண்டாம். மூன்று வாரத்துக்கு முன் நாங்கள் அனுப்பிய மின்னஞ்சல் ஒன்று உங்களில் ஒருவரின் பெட்டியில் கிடக்கிறது. பொருள் வரியில் "குடிநீர்த் தாங்கி வெடிப்பு, திருத்த வேண்டும்" என்று தமிழில் போட்டிருக்கிறோம்.