தூளியிலிருந்து பாய்க்கு

குழந்தையைத் தொட்டிலில் இடுவதற்கு நம் பெரியோர்கள் நாள் பார்த்தார்கள், பந்துக்களை அழைத்தார்கள், பெயரைக் காதில் ஓதினார்கள், வந்தவர்களுக்குக் காப்பரிசி வழங்கினார்கள். அதே குழந்தையைத் தொட்டிலை விட்டு இறக்குவதற்கு மாத்திரம் சடங்கு ஒன்றும் ஏற்படவில்லை. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் மூன்றாவது தாலப் பருவம். ஆறாவது வருகைப் பருவம். தாலாட்டுக் கேட்ட குழந்தை தளர்நடையிட்டு வந்துவிடுகிறது. ஆனால், நடக்கத் தொடங்கிய பிள்ளை இரவில் எங்கே படுத்தது என்பதற்கு ஒரு பருவம் இல்லை. பெண்பாற் பிள்ளைத்தமிழில் கடைசியில் ஊசல் வருகிறதே என்று கேட்கலாம். அது விளையாடுவதற்கு, உறங்குவதற்கு அன்று.

சடங்கு இல்லாவிட்டாலும் சங்கடம் உண்டு. ஒன்றரை வருஷம் ஆடி ஆடி உறங்கிப் பழகிய சரீரத்தை, 'இன்று முதல் ஆடாமல் தூங்கு' என்றால் அது எப்படி உடனே ஒப்புக்கொள்ளும்?

எப்போது மாற்றுவது என்பதே முதற் கேள்வி. மரக்கம்பிகள் வைத்த தொட்டிலாயின் அளவு சொல்வது எளிது. குழந்தை சுமார் 35 அங்குலம், அதாவது 89 சென்டிமீட்டர் உயரம் வளர்ந்துவிட்டாலும், கம்பியின் மேல் காலைத் தூக்கிப் போட முயன்றாலும், தொட்டிலின் காலம் முடிந்தது என்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் கூறுகிறார்கள். அதற்கு முன் அவசரப்பட வேண்டியதில்லை. ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளைப் பற்றி 2019-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், கட்டிலுக்கு மாறியவர்களைவிடத் தொட்டிலில் படுத்தவர்கள் அதிக நேரம் உறங்கினார்கள் என்று பெற்றோர்கள் தெரிவித்தார்கள். பெற்றோர் வாய்மொழி என்பதை மறக்கலாகாது. ஆயினும் அயல் வீட்டுக் குழந்தை மாறிவிட்டதே என்று நாமும் மாற்றுவது அநாவசியம் என்பதற்கு இது போதும்.

புடவையில் கட்டும் தூளியின் விஷயம் வேறு. அதற்குக் கம்பியும் இல்லை, அடைப்பும் இல்லை. குழந்தை தானே எழுந்து உட்கார்ந்து துணியின் விளிம்பைப் பிடிக்கத் தொடங்கிவிட்டால், பாரம் ஒரு பக்கம் சாய்ந்து தலைகீழாக விழுவதற்கு அதிக நேரம் ஆகாது. முதல் வருஷத்திலேயே, சமமான கெட்டிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வைப்பதுதான் நலம் என்று வைத்தியர்கள் வற்புறுத்துகிறார்கள். ஆகையால், தூளியில் கண்ணயர்ந்த சிசுவையும் எடுத்துக் கீழே கிடத்திப் பழக்கும் வீடுகளில் பிற்பாடு தொல்லை குறைவு.

ஆனால் பெரும்பாலான வீடுகளில் மாற்றத்தின் காரணம் உயரமும் அன்று, வயதும் அன்று, அடுத்த குழந்தை. தாய் பிரசவத்துக்குப் பிறந்தகம் போகிறாள். திரும்பி வரும்போது மடியில் ஒரு புது ஜீவன். அன்றைக்கே மூத்தது பாயில், இளையது தூளியில். போதாக்குறைக்கு வந்தவர்கள் எல்லாரும், 'உன் தூளியைத் தம்பி பிடுங்கிக்கொண்டானா?' என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அது பரிகாசமாகப் படுவதில்லை. கண்ணெதிரே நடந்த உண்மை. பிறகு அது தம்பியைக் கிள்ளினால், பொல்லாத பிள்ளை என்ற பட்டம் வேறு! மாற்றுவதானால் பிரசவத்துக்கு இரண்டு மூன்று மாதம் முந்தியே மாற்றிவிட்டுத் தூளியை அவிழ்த்து மடித்து வைத்துவிட வேண்டும். அப்படிச் செய்ய இயலாவிட்டால், இளையது வந்து சில மாதங்கள் கழியட்டும். பால் மறக்கச் செய்வதையும் இதனுடன் ஒரே வாரத்தில் சேர்க்கலாகாது.

பாயா, கட்டிலா? என் அபிப்பிராயம் பாயே. கோரைப் பாயின்மேல் மெல்லிய பஞ்சு மெத்தையிட்டால், உருண்டாலும் விழுவதற்கு உயரம் இல்லை. மோட்டார் வண்டி வடிவில் குழந்தைக் கட்டில்கள் கடைகளில் வந்திருக்கின்றன. அவற்றின் விலைக்குப் பத்தமடைப் பாய்கள் வாங்கினால் குடும்பம் முழுவதும் படுத்துக்கொள்ளலாம். கட்டில்தான் வேண்டுமென்றால் தாழ்ந்த கட்டிலாக இருக்கட்டும். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவே குழந்தை சிக்கிக்கொள்ளும் இடுக்கு இருக்கக் கூடாது. தனி அறையில் தனியே படுக்க வைக்க வேண்டும் என்று மேனாட்டுப் புத்தகங்கள் கூறுவதை நாம் கட்டளையாகக் கொள்ள வேண்டியதில்லை. பாட்டியின் அருகில் ஒரு பாய் நம் வீடுகளுக்குப் போதும்.

முதல் வாரம் பகல் உறக்கத்தை மட்டும் பாயில் தொடங்கலாம். தூளி கட்டிய பழம் புடவையையே போர்வையாகக் கொடுங்கள். அந்த மணத்தைக் குழந்தை அறியும். வழக்கமான பாட்டை அதே நேரத்தில் பாடுங்கள். ஆட்டத்துக்குப் பதிலாக முதுகில் தட்டிக் கொடுத்து, அதையும் நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு வரலாம். நள்ளிரவில் எழுந்து வந்தால் கோபிக்காமலும் கொஞ்சாமலும் திரும்ப அழைத்துப்போய்ப் படுக்க வையுங்கள். பூச்சாண்டி வருகிறான் என்று பயமுறுத்திப் படுக்க வைத்த குழந்தை பயத்துடன்தான் விழித்துக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புக்கு வரும்போதுகூட அந்தப் பூச்சாண்டி உடன் வருவதை உபாத்தியாயர்கள் அறிவார்கள். பகலையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரம் உறக்கம், ஒன்று இரண்டு வயதுக் குழந்தைக்கு வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் 2019-ஆம் வருஷத்துக் கணக்கு. சில நாள் குறைந்தால் பாட்டிமார் கலங்க வேண்டாம்.

கலங்க வேண்டியது வேறொன்றுக்கு. பாயில் படுக்கும் குழந்தை, வீடு உறங்கும் நேரத்தில் எழுந்து நடமாடக் கூடியது. கொல்லைக் கதவு, மாடிப்படி, நீர் நிறைந்த வாளி, அடுப்பங்கரை, சுவரில் பிணைக்காத அலமாரி ஆகிய எல்லாவற்றையும் படுக்கப் போகுமுன் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ளும் வித்தையையும் இந்த வயதிலேயே அது கற்றுக்கொள்ளும்.

இன்னொன்று, தூளியைப் பற்றியது. குழந்தை பாய்க்கு மாறிய பிறகும், 'கிடக்கட்டும், அடுத்ததற்கு ஆகும்' என்று புடவையை விட்டத்திலேயே தொங்க விட்டிருக்கும் வீடுகள் உண்டு. மூன்று வயது முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அது ஊஞ்சல். உள்ளே ஏறிச் சுற்றிச் சுற்றி முறுக்குகிறார்கள்; பெரியவர்கள் வெளியே இருக்கும் சமயத்தில் துணி கழுத்தில் இறுகிப் பிள்ளைகள் மாண்ட செய்திகளை நம் பத்திரிகைகளில் அநேகம் தடவை படித்திருக்கிறோம். ஆகையால், கைக்குழந்தைக்காகத் தூளி கட்டும் வீட்டிலும், குழந்தையை எடுத்தவுடன் துணியை அவிழ்த்து, அல்லது எட்டாத உயரத்தில் சுருட்டிக் கட்டி வைக்க வேண்டும். ஸ்பிரிங் கோத்த தூளிக்கும் இது பொருந்தும். கொக்கி மாத்திரம் விட்டத்தில் இருக்கட்டும், அதனால் ஆபத்தில்லை.